எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை

14 நவம்பர் 2012, புதன்

இன்றும் மழை இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலில் மூச்சுவிட நேரமில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் அங்கோலாக்காரர்கள். எல்லையைத் தாண்டி நமீபியாவுக்குள் நடந்தே வந்தவர்கள். பேசுவது எங்கள் மொழி, தின்பது எங்கள் கம்பங்களி. ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது.

பதினோரு மணிக்கு வரிசையில் என் தங்கை துயோலெனி. முதுகில் துணியால் கட்டிய ஃபினா. நான்கு வயதுப் பிள்ளை, தலை தொங்கிக் கிடந்தது. நான் நிமிராமலே “எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டேன்.

“என்னையே கேக்குறியா அக்கா? நீ பொறந்த ஊருதான்.”

விலாசம் என்ற இடத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன். பதினாறு வருட வேலையில் முதல் பொய்.

17 நவம்பர்

ஃபினா பிழைத்துக்கொண்டாள். தண்ணீரால் வந்த பேதி என்றார் டாக்டர். எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று துயோவைக் கேட்டார். “மாடு குடிக்கிற குழியிலதான் டாக்டர். மாடுங்க இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல.” வார்டே சிரித்தது. அவளும்தான். பிறகு கழிப்பறைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

18 நவம்பர்

பிள்ளை என் வீட்டில். முற்றத்துக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திட்ட மனம் வரவில்லை.

அவர்கள் ஊருக்கும் என் வீட்டுக்கும் இரண்டு மணி நேர நடை. அங்கே வாத்தியார் மார்ச்சில் வந்தார், ஏப்ரலில் போய்விட்டார். இங்கே பள்ளியில் பத்து மணிக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். இங்கே என் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மாதம் தவறாமல் முதியோர் உதவித்தொகை. அங்கே துயோவின் மாமியார் எழுபது வயதில் மண்வெட்டி பிடிக்கிறாள். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் வரைபடத்தில் இழுத்த கோடு, அவ்வளவுதான்.

அங்கோலா உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் அப்பா என்னை அத்தையோடு இந்தப் பக்கம் அனுப்பினார். எனக்குப் பன்னிரண்டு வயது. துயோ கைக்குழந்தை, அம்மாவோடு நின்றுவிட்டாள். அவ்வளவுதானே வித்தியாசம்? அதற்கு மேல் நான் என்ன செய்துவிட்டேன்?

2 டிசம்பர், ஞாயிறு

ஃபினாவைக் கொண்டுபோய் விட்டேன். வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆனால் வாசலில் பதினைந்து பேர். யாரோ போனில் பாட்டு வைக்க, மாமியார்க்காரி இடுப்பில் கை வைத்து ஆடுகிறாள். ஒரு தட்டுக் களியில் எட்டுக் கை. என் வீட்டில் மின்சாரம் இருக்கிறது, டிவி இருக்கிறது. கடைசியாக யார் சிரித்தார்கள் என்று ஞாபகமில்லை. என் புருஷன் வால்விஸ் பே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வேறு குடும்பம் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது.

“அவ்வளவு பெரிய பானையில யாருக்கு அக்கா சமைக்கிறே?” என்றாள் துயோ. கிண்டல்தான். சுருக்கென்றது.

துயோவின் புருஷன் ஹமுக்வாயா மாடுகளை வடக்கே ஆற்றுப் பக்கம் ஓட்டிப்போகப் போகிறானாம். அவளும் கூடப் போக வேண்டும். வழியனுப்ப வந்தவள் மரத்தடியில் நின்றாள்.

“ஃபினா உங்கிட்டயே இருக்கட்டும். இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்க மாட்டா.”

4 டிசம்பர்

சரி என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்கிற மாதிரி இரண்டு நாள் நடித்தேன்.

21 ஜனவரி 2013

பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும். ஊர்த்தலைவரிடம் கடிதம் வாங்கிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தேன். தாய் பெயர்: லவீனியா. என் பெயர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதுதான் பயமாயிருக்கு.

“அங்க என்னை அம்மான்னு கூப்பிடணும்” என்று ஃபினாவிடம் சொல்லியிருந்தேன். “சரி பெரியம்மா” என்றாள். அலுவலகத்தில் சரியாகவே கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்தபின் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சான்று கைக்கு வரும்வரை வரவேண்டாம், ஊர் பேசும் என்று துயோவுக்குத் தகவல் அனுப்பினேன்.

11 மார்ச்

சான்று வந்துவிட்டது. துயோவுக்குச் சொல்ல வேண்டும்.

30 ஜூன்

இன்றுதான் சொல்லி அனுப்பினேன்.

20 ஜூலை

துயோ வந்து நான்கு நாள் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கிளம்பும்போது ஃபினா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். “அடிக்கடி வராதே துயோ, பிள்ளை ஏங்கிப்போறா” என்றேன். அது பொய்யில்லை. முழுசும் உண்மையுமில்லை.

9 பிப்ரவரி 2014

மழை. நல்ல மழை. ஃபினா சேற்றில் குதித்தாள்.

26 மே

வடக்கிலிருந்து மாடு ஓட்டி வந்த ஒருவர் சொன்னார். ஏப்ரலில் துயோவுக்கு ஆண் குழந்தை பிறந்ததாம். எட்டு நாள் இருந்ததாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை.

“அக்கா ஊருக்குப் போய்ப் பெத்துக்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ‘அக்கா அடிக்கடி வர வேண்டாம்னு சொல்லியிருக்கா, இன்னொரு தடவை போய்க்கலாம்’னு அங்கயே இருந்துட்டா.”

இங்கே வந்திருந்தால்—

ஐயோ, நான் அதுக்கா சொன்னேன்? பிரசவத்துக்கு வராதேன்னா சொன்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆமா, கேட்பா. எந்த மூஞ்சிய வச்சுக் கேட்பா.

27 மே

வேலைக்குப் போகவில்லை.

3 ஆகஸ்ட் 2015

துயோ போன் செய்தாள். ஊருக்கே திரும்பிவிட்டார்களாம். ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்களாம், புது வாத்தியார் இரண்டு வருடமாக நிலைத்திருக்கிறாராம். செத்த பிள்ளையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

“லீவுல வந்து ஃபினாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன் அக்கா. நீ செஞ்சதெல்லாம் மறக்க மாட்டேன்.”

வா என்றேன். கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிடுவேன்.

22 ஆகஸ்ட், சனி

துயோ வந்தாள். புதுத் துணி உடுத்தி, தலை பின்னி. ஃபினாவுக்கு ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு விரற்கடை குட்டை. கடைசியாகப் பார்த்த அளவுக்குத் தைத்திருக்கிறாள்.

ஃபினா கோழியும் களியும் கொண்டுவந்து முழங்கால் மடக்கி வைத்தாள். விருந்தாளிக்கு அப்படித்தான் வைக்க வேண்டுமென்று நான்தான் பழக்கினேன்.

“நீங்க சாப்பிடுங்க.”

“என்னடி இது, நீங்க, வாங்கன்னு!” துயோ சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

கவுனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். எப்போது கேட்பாள் என்று நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டாள். ஃபினா இங்கிலீஷில் எண்ணிக் காட்டினாள், நூறுவரை. துயோ நூறுவரையும் கேட்டாள்.

பிறகு எழுந்து, “இருட்டறதுக்குள்ள எல்லை தாண்டணும்” என்றாள். கூட்டிப்போக வந்ததைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ‘துயோ, பிள்ளை உன்னுது, கூட்டிட்டுப் போடி’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பையில் கோழிக்கறி கட்டிக் கொடுத்தேன்.

வேலி தாண்டி அவள் தலை மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஃபினா என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, அந்த அம்மா மறுபடி எப்ப வருவாங்க?”

அந்த அம்மா என்றாள். நான் திருத்தவில்லை.