கடைசிப் பக்கம் முதலில்

மார்ச் 3, செவ்வாய்

பதிப்பகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வருடக்கணக்காக எழுதிய நாவலுக்கு நாலு வரி!

முதல் மூன்று அத்தியாயங்களை விரும்பிப் படித்தாராம் பொறுப்பாசிரியர் அம்மா. ஆனால் கதைச்சுருக்கத்தில் முடிவு இல்லையாம். குற்றவாளி யார், ஏன் செய்தார் என்று ஒரே பக்கத்தில் எழுதி இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். அதைப் பார்த்த பிறகுதான் முழுப் பிரதியைக் கேட்பார்களாம்.

முடிவைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன த்ரில்லர்? வேண்டுமென்றேதானே மறைத்தேன்! 'பூட்டிய வீட்டுக்குள் தினமும் வந்து போவது யார்? விடை நாவலில்' என்று எவ்வளவு அழகாக முடித்திருந்தேன். பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் எதற்குப் பதிப்பகம் நடத்துகிறார்கள்?

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இன்று ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இந்த யோசனையில் விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 4, புதன்

வேலை முடிந்து வந்து பார்த்தால், காலையில் குடித்த காபி கப் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. ஜன்னலோரம் இருந்த நாற்காலி சுவரோரம் போய்விட்டது. மேஜையில் பரப்பி வைத்திருந்த காகிதங்கள் ஒரே அடுக்கு. ஒன்பதாம் அத்தியாயம் எங்கே, இருபது எங்கே, ஒன்றும் புரியவில்லை.

வேறு யார்? அக்காதான். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள், கையில் என் வீட்டு மாற்றுச் சாவி. போன் போட்டுக் கத்தினேன்.

"குப்பை மாதிரி கிடந்துச்சு, அடுக்கி வெச்சேன். அதுக்கு எதுக்குடி இந்தக் கத்து கத்துற?"

"சொல்லிட்டு வரக் கூடாதா?"

"என் தங்கச்சி வீட்டுக்கு நான் சொல்லிட்டு வரணுமா? நல்லா இருக்கே!"

இந்த நாவலுக்கு விதையே இவள்தான். ஒருநாள் கழுவிய கப்பைப் பார்த்துத் திடுக்கிட்டதில் பிறந்த கதை. கதையில் வீட்டுக்குள் நுழைவது எதிர்வீட்டுக்காரன், அது வேறு விஷயம். முடிவு இவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கடைசி அத்தியாயத்தை மட்டும் ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எந்தப் புத்தகமானாலும் இவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். கேட்டால், "யாருக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சாதான் எனக்கு நிம்மதியா படிக்க வரும்" என்பாள். இவளுக்காகவா நான் த்ரில்லர் எழுதுகிறேன்!

மார்ச் 9, திங்கள்

பொறுக்க முடியாமல் பதிப்பகத்துக்கே போன் செய்துவிட்டேன். முடிவைச் சொன்னால் சஸ்பென்ஸ் போய்விடும் என்று பொறுப்பாசிரியர் அம்மாவிடம் சொன்னேன்.

"சஸ்பென்ஸ் வாசகருக்கும்மா, எனக்கு இல்லை. வீடு வாங்க வர்றவங்ககிட்ட ஒரு அறையை மட்டும் பூட்டி வெச்சுட்டு, வாங்கின அப்புறம் பார்த்துக்கங்கன்னு சொல்வீங்களா?"

சரி, கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரன்.

"ஏன் செய்யறான்?"

"அவனுக்கு மனநிலை சரியில்லை."

"அது காரணம் இல்லம்மா. காரணம் கிடைக்காதப்போ எழுதறது."

போனை வைத்துவிட்டேன். என்ன ஒரு திமிர்!

மார்ச் 10, செவ்வாய்

அந்த அம்மா சொன்னதைக்கூட விட்டுவிடலாம். சொன்ன தொனி இருக்கே, தொனி!

மார்ச் 15, ஞாயிறு

சும்மா விடக் கூடாது, மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தேன். கதாநாயகி தனி வீடு பார்த்துப் போகிறாள், நாற்காலி நகர்கிறது, கப் கழுவியிருக்கிறது, சொன்னால் யாரும் நம்பவில்லை, தன் புத்தியையே சந்தேகப்படத் தொடங்குகிறாள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. 'ஏனென்றால்' என்ற இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

பழிவாங்கலா? அவனுக்கு அவளைத் தெரியவே தெரியாது. திருட்டா? திருட வந்தவன் கப்பைக் கழுவி வைப்பானா? அடுத்தவள் குடித்த கப்பை யார் கழுவுவார்கள்? அவள் மேல் பாசம் இருக்கிறவர்கள்தானே—

ஐயோ.

கதாநாயகிக்கு ஓர் அக்கா இருக்கிறாள். நாவலில் இரண்டே இடத்தில் வருகிறாள். சாவி இருக்கிறது. தங்கை தனியாகப் போனதிலிருந்து "தனியா இருந்தா உனக்கு ஒத்து வராதுடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தங்கைக்குத் தன் மேலேயே நம்பிக்கை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். அக்காவுக்குத் தனியாக இருக்கப் பயம். அவ்வளவுதான் காரணம்.

பக்கம் தானாக நிரம்பியது. எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் ஒரு முட்டாள் எதிர்வீட்டுக்காரனைக் கட்டி அழுதிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

'இப்போது நம்புகிறேன். முழுப் பிரதியை அனுப்புங்கள்.' அந்த அம்மாதான். பாராட்டுவதில்கூட என்ன கஞ்சத்தனம்!

ஏப்ரல் 20, திங்கள்

மாற்றி எழுதிய பிரதி போன வாரமே போய்விட்டது. இன்று வீட்டுக்கு வந்தால் படுக்கையறைத் திரைச்சீலை மாறியிருக்கிறது. நான் தேடித் தேடி வாங்கிய நீலம் போய், ஏதோ பூப்போட்ட கண்றாவி தொங்குகிறது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அது ரொம்ப இருட்டா இருந்துச்சுடி. இருட்டுல உட்கார்ந்துதான் நீ இப்படிக் கண்டதையும் எழுதற."

கண்டதையும்! சரி. நாளைக்கு வருவாய் அல்லவா? புதிய கடைசி அத்தியாயத்தை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகப் போகிறேன். கடைசிப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி. படிக்கட்டும். நல்லா படிக்கட்டும்!

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் குடித்த காபி கப் அப்படியே இருந்தது. நாற்காலி ஜன்னலோரம், நான் விட்ட இடத்திலேயே. கடைசிப் பக்கத்தின் மேல் மாற்றுச் சாவி.

ஏப்ரல் 23, வியாழன்

போனை எடுக்க மாட்டேங்கிறா. எடுக்க வேண்டாம், போ! கதை வேறு, நாம் வேறு என்று தெரியாதா? நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? சொல்லாமல் நுழைந்தது யார்? அந்த அக்காவைக் கெட்டவள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தனியாக இருக்கப் பயப்படுகிறவள் என்றுதான் எழுதினேன்.

அதுதான் சுட்டதோ?

மே 8, வெள்ளி

நாவலை ஏற்றுக்கொண்டார்கள். 'கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார் பொறுப்பாசிரியர் அம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இரண்டு தடவை படித்தேன். உடனே அக்கா நம்பரைத்தான் அழுத்தினேன். எடுக்கவில்லை. விஷயத்தை மட்டும் தட்டி அனுப்பினேன். எனக்கு வந்த கோபத்தில், அடுத்து வந்தவரிடம் "மூச்சை விடுங்க" என்பதை அதட்டலாகச் சொல்லிவிட்டேன்.

மே 9, சனி

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவள் பெல் அடித்ததே இல்லை.

"உள்ள வரலாமா?" என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே கேட்டாள்.

சோபா நுனியில் உட்கார்ந்தாள். சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடந்தது. பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"கடைசிப் பக்கம் நல்லா இருந்துச்சு. முன்னாடி இருக்கறதைப் புஸ்தகம் வந்த அப்புறம் படிச்சுக்கறேன்."

"அக்கா, அது நீ இல்லை."

"நான்தான்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். விடு."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கப்பை மேஜையிலேயே வைத்தாள். கிளம்பும்போது சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது நாற்காலி நகர்ந்தா, யாருன்னு நீ குழம்பக் கூடாது பாரு."

"எப்போ வருவே?"

"கூப்பிடு. வரேன்."

லிப்ட் கதவு மூடியது. இதைத்தானே கேட்டேன்? இத்தனை வருடமாகக் கத்திக் கத்தி இதையேதான் கேட்டேன்.