பத்து அலுமினிய விரல்கள்

மகள் என்னுடைய பழைய அலுமினியச் சட்டிகளை எல்லாம் கொண்டுபோய் எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத உருக்கில் புதிய சட்டிகள் வாங்கித் தந்திருக்கிறாள். அலுமினியம் உடம்புக்குக் கூடாதாம். நேற்றுக் காலை அதில் ஒன்றின் மூடி கை நழுவிக் குசினி நிலத்தில் விழுந்தது. அது சுழன்று அடங்கும்வரை நான் குனியவில்லை. "என்ன சொல்லுது?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நின்றேன். நீங்கள் கண்ணை மூடி நாலு வருடமாகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் விமான உதிரிப்பாகம் செய்யும் பட்டறையில் கடைசல் லேத்தில் நின்றீர்கள். பெடல் ஸ்டீல் கிட்டார் நம் வீட்டுக்குள் வந்தது பிரென்டனால். உங்களோடு வேலை செய்த ஐரிஷ்காரர். சனி ஞாயிறுகளில் கிளப்புகளில் வாசிப்பவர். நான் முதலில் அதை வாத்தியம் என்றே நம்பவில்லை. துணி அழுத்தும் மேசைக்கு யாரோ தந்தி கட்டியதுபோல இருந்தது. இடக்கையால் ஓர் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்க வேண்டும், வலக்கையால் மீட்ட வேண்டும். காலால் பெடலை மிதித்தால் தந்தியின் முனையைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஒன்று சற்றே திரும்பித் தந்தியை இழுக்கும், சுருதி ஏறும். அந்தத் துண்டுக்கு விரல் என்று பெயர். பத்துத் தந்திக்குப் பத்து விரல். பிரென்டனுடைய விரல் ஒன்று உடைந்தபோது நீங்கள் அதே அளவில் ஒன்றைக் கடைந்து கொடுத்தீர்கள். அதன் பிறகு எங்கெங்கோ இருந்தெல்லாம் வாசிப்பவர்கள் விரல் கேட்டு நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. லேத் இரைச்சல் உங்கள் காதிலிருந்து உயர்ந்த ஒலிகளைக் கொண்டுபோய்விட்டது. குருவி கத்துவது உங்களுக்குக் கேட்காது. தலைமயிரின் தடிப்பில் பாதியை அளக்கத் தெரிந்த மனிதர், தான் செய்த பொருளின் சத்தத்தை முழுதாகக் கேட்கமாட்டார் என்று வெளியில் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. நானும் சேர்ந்து மறைத்தேன்.

கான்வென்டில் எட்டு வருடம் பியானோ படித்தவள் நான். ஸிஸ்டர் எங்களை யன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, பின்னால் ஒரு கட்டையை அழுத்தி, அது என்ன சுரம் என்று கேட்பார். அதையே நாம் பின்னறையில் செய்தோம். நான் சுவரைப் பார்த்துக் கதிரையில் இருப்பேன். நீங்கள் ஒரு தந்தியை மீட்டிவிட்டுக் கேட்பீர்கள்: "என்ன சொல்லுது?" பித்தளை விரல் என்றால் சத்தம் கம்பளி போர்த்திக்கொண்டு வரும். உருக்கு விளிம்போடு வரும். அலுமினியம் உருண்டையாக வந்து நிற்கும். நான் சொல்வதை நீங்கள் கொப்பியில் எழுதுவீர்கள். வந்தவர்களிடம் அதையே உங்கள் சொல்லாகச் சொல்வீர்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

ஒரு வருடம் பிரென்டனுக்கு முதன்முதலாக ஓர் இசைத்தட்டில் வாசிக்க அழைப்பு வந்தது. ஒரு பாட்டுக்காரிக்குப் பின்னால், எட்டுப் பாட்டு. கிளப்பில் வாசித்தது அன்றோடு போய்விடும், இது போகாது. தன்னுடைய கிட்டாரையே கொண்டுவந்து நம் வீட்டில் விட்டு, பழைய விரல்களில் தந்தி அறுத்த பள்ளம் விழுந்துவிட்டது, புதிதாகச் செய்து தா என்றார்.

நீங்கள் உருக்கில் செய்தீர்கள். விமானப் பட்டறைக்காரருக்குத் தேய்மானம் என்றால் குற்றம். அலுமினியம் மெதுமை, பள்ளம் விழும், உருக்கு விழாது. நண்பருக்குக் கொடுக்கக்கூடிய ஆக உயர்ந்த மரியாதை அதுதான் என்று நினைத்தீர்கள். மூன்று கிழமை வேலை. கழற்றுவதற்கு முன் பழைய அலுமினிய விரல்களின் சத்தத்தை எனக்குக் கேட்கத் தந்தீர்கள். பிறகு உருக்கைப் பூட்டி, புதுத் தந்தி கட்டி, மீட்டினீர்கள்.

"இது முகத்திலை அறையுது," என்றேன். "குடுக்க ஏலாது."

"நல்லாக் கேட்டுச் சொல்லும்."

"கேட்டுத்தான் சொல்லுறன்."

"உமக்கு அந்த ஸிஸ்டர்மாருக்குப் பிறகு எல்லாரும் பிழைதான்."

"அவை பிழையைப் பிழை எண்டுதான் சொல்லித் தந்தவை."

மூன்று நாள் நாம் உப்பு, சீனி தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. ஆனால் நீங்கள் என்னிடம் சொல்லாமல் அலுமினியத்தில் இன்னொரு பத்து விரல் செய்து முடித்திருந்தீர்கள்.

சனிக்கிழமை பிரென்டன் வந்து உருக்கு விரல்களோடு வாசித்தார். "அருமை," என்றார். "நான் செத்தாலும் இது தேயாது." அதோடு கிட்டாரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நான் தேத்தண்ணீரோடு வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "எனக்கு மேல் ஒலிகள் கேட்காது. பல வருடமாகக் கேட்காது. இந்த வீட்டில் காது என் மனைவியுடையது. அவளைக் கேள்."

பிரென்டன் உருக்குத் துண்டைக் கீழே வைத்தார். "அப்போ இவ்வளவு காலமும் நான் வாசிக்கும்போது தலையாட்டினாயே, எதற்கு?"

"உன் காலுக்கு," என்றீர்கள். "பெடல் மிதிக்கிறது நல்லாத் தெரியும்."

அவர் சிரித்த சிரிப்பில் நான் கொடுத்த தேத்தண்ணீர் சிந்தியது. நான் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை மாதிரி நிமிர்ந்து நின்று, உருக்கு வேண்டாம், அலுமினியம் என்று தீர்ப்புச் சொன்னேன். பிரென்டன் மரியாதையாகத்தான் கேட்டார்: "அலுமினியத்தைக் கேட்டபோது எந்தத் தந்தி இருந்தது?"

அவருடைய பழைய தந்தி. பல மாதம் வாசித்து மங்கியது. உருக்குக்கோ பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. புதுத் தந்தி எந்த உலோகத்தின் மேலும் கூராகத்தான் ஒலிக்கும். ஒன்றை ஒப்பிடும்போது மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அலுமினியம்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இருவரும் நம்பியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் அந்தக் கதிரையில் உங்கள் குறையைச் சொல்லிவிட்டு இருந்தீர்கள். உங்களுக்கு முன்னால் என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை.

"பிழை என்னுடையது," என்றேன். "திருப்பிச் செய்வம்."

அன்று முழுவதும் செய்தோம். உருக்கு விரலுக்கு ஒரு புதுத் தந்தித் தொகுதி, பிரென்டன் வாசிக்க ஒரு கசெட்டில் பதிவு. மத்தியானம் பிரென்டன் புட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எல்லாவற்றையும் கழற்றி அலுமினியத்தைப் பூட்டினீர்கள். அதற்கும் அதே வகையில் இன்னொரு புதுத் தந்தித் தொகுதி, அதே பாட்டு, இன்னொரு கசெட். பிறகு அவரும் நானும் சுவரைப் பார்த்து இருந்தோம். நீங்கள் எந்தக் கசெட் என்று காட்டாமல் ஆறு தரம் போட்டீர்கள். நான் ஐந்து சரியாகச் சொன்னேன். பிரென்டன் மூன்று. "வாசிக்கிறவன் நான்," என்று அவர் முறைப்பட்டார். "நண்டு காதை அடைச்சுப் போட்டுது."

ஆனால் வித்தியாசம் நான் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. முகத்தில் அறைந்தது தந்தி. உருக்கு செய்தது, சத்தம் தொடங்கும் இடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு வைத்தது மட்டும்தான். அதை அப்படியே சொன்னேன். பிரென்டன் இரண்டையும் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். "பாட்டுக்காரியின் குரலுக்குக் கீழே அந்த விளிம்பு வேண்டாம்," என்றார். "ஆனால் அலுமினியம் தேயுமே?"

"தேயட்டும்," என்றீர்கள் நீங்கள். "தேஞ்சா நான் இருக்கிறன்."

தேய்மானத்தைக் குற்றம் என்று வாழ்ந்த மனிதர் அதைச் சொன்னார். உங்களைக் கலியாணம் செய்ததை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள்கள் பல உண்டு. அன்றைக்குப் போல ஒன்றில்லை. அதன் பிறகு விரல் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "காது இவ," என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினீர்கள்.

போன மாதம் மகள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், காதைப் பரிசோதிக்க. ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் தனியாக இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். முதலில் எல்லாம் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. கண்ணாடிக்கு அப்பால் பரிசோதிக்கும் பெண் இயந்திரத்தில் எதையோ திருப்புவது தெரிந்தது. இப்போது ஒரு சத்தம் போகிறது என்று அவள் கையைப் பார்த்தே எனக்குத் தெரியும். அவள் கையைப் பார்த்து அழுத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது; என் காது மகளுக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நாள் பழைய காதாக இருந்திருக்கும்.

நான் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து இருந்தேன். கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன்.