நீல நூலும் மூன்றாவது முட்டையும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் உன் பொரிப்பகத்து முட்டைகளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பத்து நிமிஷத்தில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இதை முழுக்கப் படி, நடுவில் தாண்டிக் கடைசிக்குப் போய்விடாதே.

கண் டாக்டர் என்னைத் திட்டினதை அப்பா சொல்லியிருப்பார். இப்படியே ஊசி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தூரத்தில் பச்சையாக எதையாவது பாருங்கள் என்றார். நம் வீட்டில் பச்சைக்கு நான் எங்கே போவேன்? தையல் மெஷினை அப்படியே பின் ஜன்னலுக்கு இழுத்துப் போட்டேன். மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் குப்பை மேடு என்று நாம் திரும்பிக்கூடப் பார்க்காத அந்தத் துண்டு நிலம் இருக்கிறதே, வெயில் காலம் இப்போதுதான் பிறந்திருக்கிறது, அங்கே என்னவெல்லாம் பூத்துக் கிடக்கிறது தெரியுமா! மூக்குத்திப் பூ மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாம்பூச்சி. தும்பை பூத்திருக்கிறது, நெருஞ்சி மஞ்சளாகத் தரையோடு படர்ந்திருக்கிறது. பெயர் தெரியாத இன்னொரு மஞ்சள் பூ காலை பதினொரு மணி வாக்கில் திறந்து மத்தியானம் இரண்டுக்கெல்லாம் மூடிக்கொள்கிறது, அப்பா அதற்கு ஆபீஸ் பூ என்று பெயர் வைத்திருக்கிறார். மதில் மேல் ஓர் ஓணான் தண்டால் எடுக்கிறது, யாருக்குக் காட்ட என்றுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் சொன்ன இருபது நிமிஷம் போய் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்குகிறேன், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் அரைகுறையாக நிற்கிறது.

போன மாதம் ஒரு நாள் அந்த ஆபீஸ் பூவைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று பின் கதவைத் திறந்துகொண்டு போனேன். கதவுக்குப் பக்கத்தில் யாரும் வைக்காமலே ஒரு சுண்டைச் செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அதன் இலை ஒன்றிலிருந்து நீல நூல் ஒரு விரல் நீளம் தொங்கியது. என் யூனிஃபார்ம் நூல்தான், காற்றில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். தொங்குகிற நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும், பஸ்ஸில் முன்னால் நின்றவர் காலரில் தொங்கினதை வெட்டப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டபோது நீயும் கூடத்தானே இருந்தாய். கழுத்தில் கத்தரி. நூலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினேன். ஐயோ, இலை தையல் விட்ட பை மாதிரி வாயைப் பிளந்தது, உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் மூன்று முட்டை, ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவு. மதில் மேலிருந்து, இலையைத் தைத்துக் கூடு கட்டுமே அந்தத் தையல் சிட்டு, என்னைத் திட்டுகிறது பார், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். கடிகார ரிப்பேரை அப்படியே போட்டுவிட்டு, கண்ணில் மாட்டின லென்ஸோடு ஓடி வந்தார். "கையை வெச்சுக்கிட்டு உன்னால சும்மா இருக்க முடியாதா?" என்றார், ஆனால் கடிகாரத் திருகாணி பிடிக்கிற சாமணத்தையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அவர் இலையின் இரண்டு ஓரத்தையும் சாமணத்தால் சேர்த்துப் பிடிக்க, நான் இருப்பதிலேயே மெல்லிய ஊசியால் அந்தக் குருவி போட்டிருந்த ஓட்டைகளிலேயே நூலை விட்டேன், புது ஓட்டை போட்டால் இலை கிழிந்துவிடும். அப்போதுதான் பார்த்தேன், அதன் தையலில் முடிச்சே இல்லையடா! ஓட்டையில் நுழைத்த நூலின் நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கி விட்டிருக்கிறது, அந்தப் பஞ்சுதான் பிடி. முப்பது வருஷமாகத் தைக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே. நானும் அப்படியே செய்தேன். பிறகு மெஷினை ஓட்டவில்லை, ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தேன். யூனிஃபார்ம் வாங்க வந்த பக்கத்து வீட்டு டீச்சரைக்கூட வாயைத் திறக்க விடாமல் வாசலோடு அனுப்பிவிட்டேன். குருவி வந்து, சுற்றி, போய், மறுபடி வந்து, கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்த்து, தான் வந்ததிலிருந்து முட்டைகள் சூடில்லாமல் கிடந்தது இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்று குறித்து வைத்தார்.

ஒன்பதாம் நாள் குஞ்சு பொரித்தது. அம்மாக் குருவியும் அப்பாக் குருவியுமாக இரை கொண்டுவந்ததை எண்ணிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் பதினெட்டுத் தடவை. போன புதன்கிழமை குஞ்சுகள் பறந்துவிட்டன. ஆனால் இரண்டுதான். மூன்றாவது முட்டை அப்படியே உள்ளே கிடக்கிறது, நான் தொடவில்லை. மூன்றில் ஒன்று பொரிக்காமல் போவது சகஜம்தான் என்கிறார் அப்பா, பெரிய முட்டை வியாபாரி மாதிரி. எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் பொரிப்பகத்தில் கரண்ட் போய் மெஷின் நின்றால் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நல்ல வெயில், அது முட்டையைக் காப்பாற்றியிருக்குமா, இல்லை அதுவே கெடுத்திருக்குமா? சிட்டு முட்டை கோழி முட்டையைவிடச் சீக்கிரம் ஆறிவிடுமா? விசாரித்து எழுது. எனக்காகப் பூசி மெழுகாதே, என்னால்தான் என்றால் என்னால்தான் என்று எழுது.

இன்னொன்று. வெட்டின உடனே நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. திட்டுவாரே என்று பயந்து, இலையை விரலால் அழுத்தி ஒட்டிவிடலாம் என்று நானே போராடிக்கொண்டிருந்தேன், அதில் அரை மணிக்கு மேல் போய்விட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை, இத்தனை வயதுக்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் நீ கணக்குப் பார்க்கும்போது மூன்றே கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் செருப்பில்லாமல் நடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல தூக்கம் வர வேண்டும், கூட இருப்பவர்கள் உன்னை அன்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறந்துவிடாதே, முட்டைக்கான பதிலை மட்டும் தனித் தாளில் எழுதி மடித்து, மேலே 'அம்மாவுக்கு மட்டும்' என்று போட்டு உள்ளே வை, தபாலை முதலில் பிரிப்பது அப்பாதான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா