நான் விட்ட பிடிகள்

மச்சான்,

இன்று காலை நாங்கள் விளையாடின வெக்ஸ்போர்ட் மைதானத்துப் பக்கம் நடந்து வந்தேன். யாரோ தோல் கையுறைக்கு எண்ணெய் பூசுகிற மணம். கால் தானாக நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு பனிமாரி கழிந்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலை பேஸ்போல் அணியில் பந்து எறிபவன் நீ. தூரத்தில் நின்று பிடி எடுப்பவன் நான். ஊரில் பறக்கிற கொக்கையே ஒற்றைக் கையால் பிடித்தவன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். உண்மைதான், கொக்கு கொஞ்சம் சின்னன்.

எறிபவனை நிறுக்கிற விதத்தை நீதான் விளக்கினாய். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தான்? எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரன். ஆனால் கூட நிற்பவன் பிடியை விட்டு வந்த ஓட்டம் எறிந்தவன் தலையில் விழாது. “உது நான் ஊரிலயே கண்டுபிடிச்ச கணக்கடா” என்றேன். “ஓம் ஓம்” என்று சிரித்தாய்.

எண்பத்தாறில், கடைசி ஆட்டத்துக்கு உன்னை நிறுத்திவிட்டு வேறொருவனை எறிய விடப் போவதாக, அணியையும் நடத்திய எங்கள் போர்மன் சொன்னார். உன் சராசரி ஏழு ஓட்டமாம். ஒவ்வொரு ஆட்டம் முடியவும் ஓட்டக் கணக்குத் தாள் எழுதியவன் நீ. சாப்பாட்டு மேசையில் வாங்கிப் பார்த்தேன். நான் விட்ட பிடி ஒன்றுகூடப் பிழையென்று பதியவில்லை. எல்லாம் எதிராளி நன்றாக அடித்ததாகவே கிடந்தது.

“ஏன்டா உப்பிடி எழுதினனீ?”

“உன்ர பேருக்குப் பக்கத்தில பிழை எண்டு போட மனம் வரேல்லை.”

“விசரா! மாரி முழுக்க வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ற்றுக்குள்ள எறிஞ்சு பழகினது இதுக்கோ?”

நீ பாணைக் கடித்தாய்.

நேரே போர்மனிடம் போனேன். நான் விட்டது நாலு பிடி. என் வாய் நாலில் நிற்குமா? ஒன்பது என்றேன். ஒன்று நெற்றியில் பட்டது, இன்னொன்றைக் கண்டு பயந்து ஓடினேன் என்றேன். மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். நாலைத் தானும் பார்த்ததாகவும், ஆராவது வந்து சொல்லட்டும் என்று இருந்ததாகவும் சொன்னார். நாலையும் பிழையாகத் திருத்தி, அவற்றுக்குப் பின்னால் வந்த ஓட்டமெல்லாம் கழிக்க, உன் சராசரி மூன்றுக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை நீதான் எறிந்தாய். எதிராளி எடுத்த ஒரேயொரு ஓட்டத்தால் தோற்றோம். அதுவும் நான் விட்ட பிடியால் வந்தது. உன் கையிலிருந்து தாளைப் பறித்து, என் பேருக்கு நேரே பிழையென்று நானே எழுதினேன்.

வென்றோம் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று உன் பேரில் ஒரு ஓட்டமும் இல்லை, மச்சான். அதை மட்டும் நான் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.