இரைச்சல் நீக்கிய கேசட்

மச்சான்,

இன்று காலை நம் குடும்பக் குழுவில் என் குரல் வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய குரல். பேத்தி உங்கள் பெட்டியைக் குடைந்து அந்தப் பழைய கேசட்டை எடுத்துப்போய், போனுக்குள் ஏற்றிவிட்டாள். "ஒரே இரைச்சலா இருந்துச்சு நன்னி. அதையெல்லாம் எடுத்துட்டேன், இப்ப உங்க குரல் மட்டும் கிளியரா இருக்கு" என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்து வரிசையாக இதயங்கள், கைதட்டல்கள். உங்கள் தங்கை மகன், "மாமிக்கு இன்னா தைரியம்!" என்று போட்டிருந்தான்.

நீங்கள் போனதிலிருந்து எனக்கு எதற்கும் உடனே ஒன்றும் தோன்றுவதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் துபாய்ப் பக்கம் ஒரு அரபியின் மீன்பிடி லாஞ்சில் இருந்தீர்கள். பழவேற்காட்டுக்கு யார் லீவில் வந்தாலும் கையில் உங்கள் கேசட் இருக்கும். வந்த சேதி தெருவுக்கே தெரிந்து, வீடு நிறைய ஆள் உட்கார்ந்துவிடும். நடுவில் டேப் ரெக்கார்டர், பக்கத்தில் உங்கள் அம்மா. நீங்கள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரிப்பீர்கள். பேர் விட்டுப்போனவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். என் முறை கடைசியில்தான். அந்தத் தடவை, "ரெண்டு வருசம் முடியுது. வந்துடவா, இல்ல இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுடவா? நீயே சொல்லு" என்றீர்கள். எத்தனை பேர் முன்னால் கேட்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

பதிலைப் பதிவு செய்தபோதும் உங்கள் அம்மா நகரவில்லை. மகள் கல்யாணம் முடியும் முன் மகன் திரும்பிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. பனை ஓலையில் பெட்டி முடைந்துகொண்டே என் வாயைப் பார்த்திருந்தார். வந்துவிடுங்கள் என்பது தொண்டை வரை இருந்தது. "இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அவசரப்படாம இருந்துட்டு வாங்க" என்று சொன்னேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

நீங்கள் ஊரோடு வந்துசேர்ந்து, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அது எனக்குள் கிடந்தது. இந்த மனுசனுக்கு என்னைவிட அந்த லாஞ்சுதான் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டே உங்களுக்குச் சோறு போட்டேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"அந்தத் தடவ வந்துடலாம்னுதான் இருந்தேன். நீதான இருந்துட்டு வாங்கன்னுட்ட?"

"உங்க அம்மா பக்கத்துல குந்தினு இருந்தாங்க மச்சான்."

"கேசட்ல அது எங்க தெரிஞ்சுது? சரசரன்னு இன்னாவோ கேட்டுனே இருந்துச்சு. டேப்பு தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

"அது ஓலை."

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், வாயில் வைக்கவில்லை. இவளுக்கு நாம் வேண்டாம் என்று நீங்களும் அத்தனை வருடம் நினைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. காட்டத்தான் ஆளில்லை, உங்கள் அம்மா எப்போதோ போய்விட்டிருந்தார்.

பேத்தி எடுத்துப் போட்ட இரைச்சல் அந்த ஓலைச் சத்தம்தான். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். இப்போது கேட்டால், ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, புருஷன் வர வேண்டாம் என்று நிதானமாகச் சொல்வதுபோல இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை கைதட்டல்.

ஆஸ்பத்திரியில், கடைசி நாளன்று, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ வூட்டுக்குப் போய்ப் படு" என்றீர்கள். பையைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் கட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். மகன், மருமகள், உங்கள் தங்கை. மூன்று பேரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

"இப்ப யாருமில்ல. சொல்லுங்க."

"போவாத" என்றீர்கள்.

நான் போகவில்லை. அழுகை இன்னும் வரவில்லை, மச்சான். அந்த ஒரு சொல்லை மட்டும் யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.