அம்மாவின் இடுப்பில் இருக்கும் பூச்சு

அக். 28, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துணி காயவில்லை. கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக்காக ஓட்டும் மாடல் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது.

அம்மாவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். ஆட்டோ ஏறும்போதே முகம் சுருங்கிவிட்டது. நாலு வருடம் முன்பு இடுப்பு மூட்டு மாற்றியபோது எலும்புக்குள் இறக்கிய டைட்டானியத் தண்டு. அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. டாக்டர் பேனாவால் காட்டினார். "லூசாகுது போல. மேல இருக்கிற பூச்சு உரிஞ்சிருக்கலாம். எலும்பே பிடிக்காமலும் இருக்கலாம். தொறந்து பாத்தாதான் தெரியும்."

எலும்பு ஒட்டிக்கொள்வதற்காக உலோகத்தின் மேல் பூசும் அந்தப் பூச்சுதான் என் பிஎச்.டி. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆசைப்பட்டு எடுத்த தலைப்பு. என் நேரம்.

அக். 30, வியாழன்

மழை ஜாஸ்தி. கரண்ட் போய்ப் போய் வந்தது. வாங்க வேண்டியது: பால், அம்மாவுக்கு வலி மாத்திரை, கொசுவத்தி.

அம்மா அடுப்படியில் நின்றபடி: "நீ படிக்கிறது அதானேடி? உரியுமா உரியாதா, சொல்லேன்."

சொன்னேன். பாரம் விழுந்தால் டைட்டானியம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பூச்சு பீங்கான் மாதிரி, கொடுக்காது, விரிசல் விடும். விரிசலோடு நின்றால் பரவாயில்லை. அந்த ஓரத்திலிருந்து உலோகத்தை விட்டுக் கழன்றால்தான் வம்பு. எவ்வளவு பாரத்தில் கழலும் என்று கணக்குப் போடலாம். அதற்குப் பூச்சு உலோகத்தில் எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

"அத எப்டித் தெரிஞ்சிக்கிறது?"

"பிச்சுப் பாக்கணும்."

"பிச்சிட்டா அப்புறம் இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

லேபிலும் அதேதான். பூச்சு போட்ட புது உலோகத் துண்டில் பசை வைத்து, இழுத்துப் பிய்த்து வந்த எண்தான் என்னிடம் இருப்பது. நாலு வருடம் உடம்புக்குள் ஊறியதற்கு எண் இல்லை.

நவ. 1, சனி

மாடலில் அந்த ஒட்டுப் பலத்தின் எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினேன். கொஞ்சம் கூட்டினால் அம்மா ஆயுசுக்கும் நடக்கிறாள். கொஞ்சம் குறைத்தால் மாடிப்படி ஏறும்போதே உரிகிறது. திரையில் இரண்டுமே அழகான கலர்ப் படம். எது அம்மா? ஒரு மண்ணும் தெரியவில்லை.

பிஎச்.டி. கைடுக்குப் போன். "நடுவுல ஒரு வேல்யூ எடுத்துக்கோம்மா, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க." இது யார் இடுப்பு என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன?

பாத்ரூமில் அம்மா அழுகிற சத்தம். வெளியே நின்றேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

நவ. 5, புதன். பௌர்ணமி

அதிசயமாக வெயில். காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம், ஆட்டோக்காரன் சுற்றிக்கொண்டு போனான்.

அம்மாவை அட்மிட் செய்தாயிற்று. நாளை பழையதை எடுத்துவிட்டு வேறு வைக்கிறார்கள். இந்தத் தடவை எலும்பு தாங்குமா? "பாப்போம்மா" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டில் அம்மாள்: "பௌர்ணமி அன்னிக்குப் போயி வந்து படுத்துட்டீங்களே அக்கா."

அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ஏண்டி, எடுக்கிறத அவங்க தூக்கிப் போட்டுடுவாங்க. நீ கேட்டு வாங்கிக்கோ. பிச்சுப் பாத்தா ஒனக்கு அந்த நம்பர் கெடைக்குமில்ல?"

"சும்மா இரும்மா" என்றேன். கோபமாகவே.

சாயங்காலம் டாக்டரை வராந்தாவில் தனியாகப் பிடித்து, எடுக்கிற தண்டைக் கேட்டேன். எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்! அம்மா நடப்பாளா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.