டுவெய்ன் அனுப்பிய பால் ஸ்க்ரூ

சாகினா, மிச்சிகன்
மார்ச் 11

அன்புள்ள தம்பி டுவெய்னுக்கு,

அக்கா லெனோரா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். டூசானில் வெயில் காய்ந்துகொண்டு நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. இங்கே இன்னும் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை மிட்லண்டிலிருந்து ஒருவன் வண்டியோடு வந்து உன் அத்தானின் இரும்பு செதுக்கும் மில்லிங் மெஷினை ஏற்றிக்கொண்டு போகப்போகிறான். விற்கிறேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் அவர் மனதை மாற்றியாக வேண்டும். போனில் பேசினால் அவர் காதில் விழும். அதோடு நீ என்னைப் பேசவும் விடமாட்டாய். காகிதத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. மெஷினைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்காகப் பழைய திருகுத் தண்டுகளைக் கழற்றிவிட்டு மாட்ட மூன்று பால் ஸ்க்ரூ. கூடவே ஆறு பக்கத்துக்கு உபதேசம். அதில் முதல் பக்கம் முழுக்க, பால் ஸ்க்ரூ என்றால் என்ன, நட்டுக்குள் குண்டுகள் உருளுவதால் உரசல் குறைவு என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். எனக்கு! கார் ஸ்டியரிங் ஆலையின் அளவு பார்க்கும் அறையில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தவள் நான். அப்பா அதே ஆலையில்தான் தலை நரைத்தார். இந்த ஊர் நாய்க்குட்டிக்குக்கூட பால் ஸ்க்ரூ தெரியும். நீ அந்த ஆலையில் இரண்டே வருஷம் இருந்தாய், அதிலும் பாதி நாள் கான்டீனில்.

"சாணை பிடித்து கிரைண்டிங் செய்த உயர்தரம், கொள்ளை மலிவு" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததாம், நீ வாங்கினாயாம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? ஒன்றை எடுத்து அளவு பார்க்கும் டயல் வைத்துப் பார்த்தேன். கிரைண்டிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, உருட்டி எடுத்த தண்டு. நட்டை முன்னும் பின்னும் தள்ளினால் மூன்று தலைமுடி கனத்துக்கு ஆடுகிறது. மெஷின் ஒரு பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் அந்த ஆட்டம் வேலையில் விழும். வட்டம் வெட்டினால் உருளைக்கிழங்கு வரும். உன் மெஷினிலும் இதைத்தான் மாட்டியிருக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் மெஷின் இதுவரை வெட்டியது நாய்க்கு ஒரு பெயர்ப்பலகை. நாய் அதை அளந்தா பார்க்கப்போகிறது?

இப்போது நான் சொல்வதை வாயை மூடிக்கொண்டு படி. அத்தானுக்குக் கை நடுங்குகிறது. போன இலையுதிர் காலத்திலிருந்தே. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மாத்திரை குறைக்கும், நிறுத்தாது என்றும் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாதென்று அத்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு அந்தச் சத்தியம் போயிற்று. மெஷின் கைப்பிடியைச் சுற்றும்போது கை வழுக்கி, அவர் செய்துகொண்டிருந்த மாடல் நீராவி எஞ்சினுக்கான சிலிண்டர் வார்ப்பு இரண்டை வீணாக்கிவிட்டார். அதனால்தான் மோட்டார் மாட்டலாம் என்று நான் ஆரம்பித்தேன். கைப்பிடியை மோட்டார் சுற்றட்டும், அவர் பொத்தானை அழுத்தினால் போதும். பொத்தானை வேண்டுமானால் சாசர் அளவுக்குக்கூட வைக்கலாம்.

நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் ஸ்பீக்கரில் இருந்தது. "கைப்பிடி சுத்தத் தெரியாதவன்தான் மோட்டார் மாட்டுவான். அத்தானுக்குச் சோம்பல் வந்துடுச்சுக்கா, வேற என்ன! பொத்தான் அமுக்குறவன்லாம் மெஷினிஸ்டா?" என்று சிரித்தாய், உன் மெஷினிலேயே மோட்டார் ஓடுவதை மறந்து. அவர் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நீ பரிகாரம்போல இந்தத் தண்டுகளை அனுப்பி வைக்கிறாய்.

உன்னைத் தூக்கிச் சாப்பிடுகிற முட்டாள் ஒருவன் இங்கேயும் இருக்கிறான். அத்தானின் மாடல் எஞ்சின் கிளப்பில் மெர்வின் என்று ஒருத்தன். போன வியாழக்கிழமை கராஜுக்கு வந்தான். "இது என்ன பெரிய வித்தை, இப்படிக் குடு, நட்டுக்குள்ள எப்படி இருக்குன்னு காட்டுறேன்" என்று இன்னொரு தண்டை எடுத்து நட்டைச் சுற்றிக்கொண்டே போனான். "மெர்வின், நிறுத்து, முனையில ஸ்லீவ் குழாய் மாட்டாம நட்டைக் கழட்டக் கூடாது" என்று நான் கத்தக் கத்த, நட்டு தண்டைவிட்டு வெளியே வந்தது. உள்ளே இருந்த குண்டுகள் அத்தனையும் கொட்டி கராஜ் முழுக்க உருண்டன. பனி உருகிய தண்ணீரில், வெல்டிங் பெஞ்சுக்கடியில், தரையின் வடிகால் துளையில். மெர்வின் நட்டைக் கண்ணில் வைத்து, "அட, காலியா இருக்கே!" என்றான். உன் நண்பனாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளவன்.

அத்தான் முட்டி போட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். எல்லாம் மிளகு அளவுக் குண்டுகள். விரல் அதன்மேல் போய்ப் போய் விலகியது. ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. "என்னப்பா எல்வுட், நேத்து கொஞ்சம் அதிகமோ?" என்று மெர்வின் கிண்டல் செய்தான். நாற்பது வருஷமாக ஒரு பியர் தொடாத மனிதரைப் பார்த்து! அவனை நான் என்ன சொல்லித் துரத்தினேன் என்பதை எழுதினால் தபால்காரருக்கே மரியாதையாக இருக்காது. அன்று சாயங்காலமே அத்தான் மெஷினை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்துக்கும் வரவில்லை. யூக்கர் ஆடவும் போவதில்லை. சீட்டைக் கையில் பிடிக்க வேண்டுமே.

ஆனால் ஒன்று கேள். உன் ஆறு பக்கத்தை மேஜையில் வைத்திருந்தேன். நேற்று காபி குடித்துக்கொண்டே அதை எட்டிப் பார்த்தார். மூன்று அச்சுக்கும் ஒரு சுற்றுக்குப் பத்து மில்லிமீட்டர் நகரும் தண்டு போடு, வேகமாக ஓடும் என்று நீ எழுதியிருக்கிறாயே, அங்கே நின்றார். "இவன் என்ன எழுதியிருக்கான்? பழைய திருகு பிடிச்சு நிக்கும். இது வழுக்கிட்டுப் போகும். கரண்ட் போச்சுன்னா வெட்டுற கருவியோட மெஷின் தலை தானா கீழ இறங்கிடுமே, லெனோ. தொண்ணூறு பவுண்டு. கீழ கை இருந்தா?" என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நடுங்குவது கைதான், மூளை இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்கென்ன, விக்கப்போற மெஷின்" என்று எழுந்துபோனார். அந்த அரை நிமிஷம் அவர் பழைய மனிதராக இருந்தார். எனக்கு அழுகை வந்தது.

உன் தண்டுகளைக் குப்பையில் போடவில்லை, தோட்டத்தில் தக்காளிக்கு முட்டுக்கொடுக்க ஆகும். நான் தேர்ந்தெடுத்தது வேறு. மேஜையின் இரண்டு அச்சுக்கும் சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர், ஆட்டத்தை அடக்க இரட்டை நட்டு. வாங்குமுன் அளந்து தரும் கடை. மேலே கீழே போகும் அச்சுக்கும் அதே ஐந்துதான், ஆனால் தண்டு மட்டுமே தலையைத் தாங்கி நிறுத்திவிடும் என்று நம்பமாட்டேன். கரண்ட் நின்றதும் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் வைத்த மோட்டார் வேண்டும். எந்தப் பிரேக், எங்கே மாட்டுவது என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அளக்கத்தான் தெரியும். பிரேக் விஷயம் அத்தானுக்குத்தான் தெரியும்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். சனிக்கிழமைக்கு முன்னால் அவரைக் கூப்பிடு. ஆறுதல் சொல்லாதே, மன்னிப்பும் கேட்காதே, இரண்டும் உனக்கு வராது. "அத்தான், என் மெஷின்ல தலை தானா விழுது, என்ன பண்றதுன்னு தெரியல, சொல்லுங்க" என்று கேள். பொய்யா? பொய்யாக இருக்காது. உன் மெஷினும் நிச்சயம் விழுந்திருக்கும், நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து நீ யாரிடமும் எதையும் கேட்டவனில்லை என்று எனக்குத் தெரியும். டொலீடோவிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவர உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். உன் பேச்சுக்கு இன்னும் மதிப்பு வைத்திருக்கிறார், ஏன் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். நான் நூறு தரம் சொன்னாலும் மனைவி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். நீ கேட்டால், அவர் சொல்லியாக வேண்டும். சொல்லத் தொடங்கினால் மெஷின் பக்கம் போய்த்தான் சொல்வார்.

நீண்ட நேரம் பேசுவார், பேசவிடு. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாலும் தெரியாததுபோல் கேள். ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பும், ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிக்கொள்ளும் வரமும் தரட்டும்.

அவர் பேசும்போது, போன் அவர் மூக்குக் கண்ணாடிக் கம்பியில் தட்டித் தட்டி டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அது என்ன சத்தம் என்று மட்டும் கேட்டுவிடாதே, டுவெய்ன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் ஆறாத அக்கா
லெனோரா